கடலுக்குப் பக்கத்துக் கிணறு

மாரி ஓய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் றுகையா டீச்சர் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது. ஹெட்மாஸ்டர் அப்துல் ஸமட். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் என்பதால் படலையைத் திறந்து உள்ளே வராமல் ஒழுங்கையிலேயே நின்றார். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, செதில் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அவள் வேலியோரம் போனாள்.

"டீச்சர், நாளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குதுதானே. உங்களுக்கு இந்த வருசம் அரிவரி இல்ல. ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கணும்."

"விஞ்ஞானமா? நான் அதைப் படிக்கல்லயே, சேர்."

"படிப்பிச்சவர் அக்கரைப்பத்துக்கு மாறிப் போயிட்டார். வேற ஆள் கேட்டுப் பாத்த, வரல்ல. நீங்க வாசிக்கிற ஆள். இந்தாங்க புத்தகம்."

வேலிக்கு மேலால் அவர் நீட்டிய புத்தகத்தை வாங்க மீன்கையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவர் அதைக் கவனிக்காதவர்போல சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அரிவரி வகுப்பு றுகையாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே நடத்தக்கூடிய வகுப்பு. கிடுகால் வேய்ந்த கொட்டிலில் மணலைப் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் தன் கைக்குள் பிடித்து 'அ' எழுத வைப்பாள். உம்மாவைக் கேட்டு அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லுவாள். அது அவளுக்குப் பிடிக்காத வேலையல்ல. ஆனாலும் இடைவேளைகளில் தேநீர்க் கோப்பையோடு ஏழாம் வகுப்புப் பக்கம் நடந்து போகிற ஒரு பழக்கம் அவளுக்கு இருந்தது. அங்கே மேசைகள் இருந்தன, சுவரில் மனித எலும்புக்கூட்டின் படம் ஒன்று தொங்கியது. ஆளில்லாத வகுப்பில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, தன் முழங்கையை மடக்கி நீட்டி, உள்ளே எந்த எலும்பு எதன்மேல் உருளுகிறது என்று தடவிப் பார்த்திருக்கிறாள். எவருக்கும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டிருந்தாள்.

அன்று மீன் கறி அடிப்பிடித்தது. அடுப்படியில் இருந்தபடியே நெம்புகோல், கப்பி, காற்று, நீர், கண் என்று அவள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். தையல்கடையைப் பூட்டிவிட்டு வந்த புருசன் ஸலாஹுதீன் முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"கறியில விஞ்ஞானம் கொஞ்சம் கூடிப் போச்சு போல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புக்கு வரப்போகிறவர்கள் முழுப்பேரும் ஒருகாலத்தில் அவளிடம் மூக்குத் துடைத்துக்கொண்டவர்கள். இப்போது பெடியன்களுக்கு மீசை அரும்பியிருந்தது. வழியில் கண்டால் சலாம் சொல்லிவிட்டு அவர்கள் தங்களுக்குள் என்னவோ கதைத்துக்கொண்டு போவார்கள். கரும்பலகைக்கு முன்னால் அவள் நின்றால் அரிவரி டீச்சர் என்றுதானே பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்களோ தெரியவில்லை. போன வருசம் ஆறாம் வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். பெருநாளுக்குப் பெருநாள் ஒவ்வொருத்தியாக வீட்டில் நிறுத்தப்பட்டார்கள். கரைவலை முதலாளி கச்சிமுகம்மதுவின் மகள் சுஹறா வருவாளா? அரிவரியில் இருக்கும்போதே, முதல் முதல் 'அ' எழுதினவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டவள் அவள்.

மறுநாள் காலை சுஹறா வந்திருந்தாள். இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் அவளோடு இடப்பக்க மர வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வலப்பக்கம் முழுக்கப் பெடியன்கள். றுகையா உள்ளே வந்ததும் எல்லாரும் எழும்பினார்கள். அவர்கள் தன்னைவிட உயர்ந்துவிட்டதை அவள் அப்போதுதான் கண்டாள். திரும்பிக் கரும்பலகையில் கடலை வரைந்தாள், அதற்கு மேல் மேகத்தை வரைந்தாள், மேகத்திலிருந்து மழையையும் மலையிலிருந்து ஆற்றையும் இறக்கி மறுபடியும் கடலில் கொண்டுபோய் விட்டாள். கடல் தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது உப்பு கீழே தங்கிவிடுகிறது, அதனால்தான் மழைத்தண்ணீர் உப்பாக இருப்பதில்லை என்று சொன்னாள். பேசப் பேசக் குரல் தெளிந்தது. பின் வாங்கில் இருந்தவர்களும் கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார்கள். பாடம் நன்றாகத்தான் போனது.

அப்போது சுஹறா எழும்பினாள்.

"டீச்சர், எங்கட வீட்டுக் கிணத்தடியில நிண்டு பாத்தா கடல் தெரியும். நல்லாக் காத்தடிச்சா நுரையும் வந்து விழும். கடல் உப்பு. கிணத்துத் தண்ணி ஏன் உப்பில்ல?"

பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவள் றுகையா. ஒருநாள்கூட அவளுக்கு இது தோன்றியதில்லை. எல்லாம் அல்லாஹ்வின் குத்றத், அவனுடைய வல்லமை என்று சொல்லியிருக்கலாம். வகுப்பு தலையாட்டியிருக்கும், அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பிள்ளை அதை ஏற்கெனவே அறிந்திருந்தும் கேட்கிறாள். எப்படி என்றுதான் கேட்கிறாள்.

"எனக்குத் தெரியா" என்றாள் றுகையா. "பாப்பம். எல்லாருமாச் சேந்து பாப்பம்."

ஆசிரியர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். சுஹறா உட்காரவில்லை, நின்றபடியே இருந்தாள். பதில் கிடைக்காதவளின் ஏமாற்றம் அந்த முகத்தில் இல்லை. ஒரு வாசலை யாரோ பாதி திறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிறவள்போல நின்றாள்.

தெரியா என்ற அந்தச் சொல் றுகையாவுக்கு முன்னமே ஊருக்குள் போய்விட்டது. பின்னேரம் சாமான் வாங்கப் போன இடத்தில், தெரியாத பாடம் படிப்பிக்கிறீங்களாமே என்று கடைக்காரரே கேட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தை முழுக்கப் புரட்டினாள். கிணறு என்ற சொல் கப்பிப் பாடத்தில் மட்டும் வந்தது. நூல்கட்டை வாங்கக் கல்முனைக்குப் போன ஸலாஹுதீனிடம், அங்கே கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற செபரட்ணம் மாஸ்டரைக் கண்டு கேட்டுவரச் சொன்னாள். அவன் திரும்பி வந்து சைக்கிளை மரத்தில் சாத்தினபோது முகத்தில் ஒரு குறும்பு இருந்தது.

"கேட்டனான். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுகா போட்டார். தனக்கும் சரியாத் தெரியாதாம். உப்புத் தண்ணி பாரம் கூட, அதை வச்சு யோசிச்சுப் பாக்கட்டாம். கண்டுபிடிச்சா தனக்கும் சொல்லட்டாம்."

கல்முனை மாஸ்டருக்கே தெரியாத ஒன்று தன் வகுப்பிலிருந்து எழும்பியிருக்கிறது என்பது றுகையாவுக்கு விசித்திரமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் கச்சிமுகம்மது பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக, கடற்காற்றில் கறுத்த பெரிய உடம்பு. ஹெட்மாஸ்டரின் அறை என்பது அலுமாரியால் மறித்த ஒரு மூலைதான். இந்தப் பக்கம் நின்ற றுகையாவுக்கு எல்லாம் கேட்டது. கேட்கட்டும் என்றே அவர் கதைத்திருக்கவும் கூடும்.

"சேர், நான் டீச்சரைக் குறை சொல்ல வரல்ல. எண்ட மகளுக்கு எழுத்துப் படிப்பிச்ச அவதான். ஆனா புள்ளக்குப் பன்னிரண்டு வயசாகுது. இனிப் போதும், வீட்ட இரிக்கட்டும் எண்டு உம்மாக்காரி சொல்றா. நான்தான் படிக்கட்டும் எண்டு மறிச்சிக்கிட்டு இரிக்கன். இப்ப அவ என்னைக் கேக்கிறா, டீச்சருக்கே தெரியாததப் படிக்கவா புள்ளய ரோட்டால அனுப்புற எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

அவர் போன பிறகு ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். கோபமில்லை, களைப்புத்தான்.

"தெரியாட்டியும் ஏதாவது ஒண்டச் சொல்லி விட்டிருக்கலாமே, டீச்சர்."

"அரிவரிப் புள்ளயளுக்கும் நான் அப்பிடிச் சொன்னதில்ல, சேர்."

அவர் தாடியைத் தடவினார். கணக்குப் படிப்பிக்கிற மசூர் சேரிடம் பாடத்தை மாற்றிக் கொடுக்கலாமா என்று தான் யோசிப்பதாகச் சொன்னார். இந்தக் கிழமை மட்டும் விடுங்கள் என்று அவள் கேட்டாள். கேட்டபோதுதான், அந்தப் பாடத்தைத் தன்னால் விட முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது.

அடுத்த நாள் இடப்பக்க வாங்கில் மூன்று பேர்தான் இருந்தார்கள். சுஹறா இருந்த இடத்தை அவர்கள் நிரப்பாமல் விட்டிருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து றுகையா ஒரு கண்ணாடிக் கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து உப்புக் கரைத்தாள். துணிக்குப் போடுகிற நீலத்தைச் சொட்டு விட்டு அதற்கு நிறம் ஏற்றினாள். பிறகு கிணற்றுத் தண்ணீரை அதற்கு மேல் ஊற்றினாள். எல்லாம் கலந்து ஒரே நீலமாகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடியும் செய்தாள். மறுபடியும் நீலம். பார்த்துக்கொண்டிருந்த ஸலாஹுதீன் ஒரு கரண்டியை எடுத்து, அதன் முதுகு தண்ணீரைத் தொடுகிறமாதிரிப் பிடித்தான்.

"துணிக்கு மேல துணி விரிக்கிற மாதிரி மெல்ல விடு. நீ கிணத்துக்குள்ள வாளி போடுற மாதிரி ஊத்துறாய்."

அவள் கரண்டியின் மேல் நூல்போல ஊற்றினாள். கீழே நீலம் அசையவில்லை. அதற்கு மேல் தெளிந்த தண்ணீர் ஒரு விரல், பிறகு இரண்டு விரல் என்று ஏறி நின்றது. இருவரும் தலையைச் சாய்த்து, கோப்பையைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கலக்காமல், இரண்டு தண்ணீர். மழை மணலுக்குள் இறங்கி, கடல் தண்ணீரின் மேல் இப்படித்தான் மிதந்துகொண்டு இருக்கிறதோ? தன் கிணறு, தன் வீடு, ஊரான சாய்ந்தமருது முழுவதுமே அந்தத் தெளிந்த இரண்டு விரல் தண்ணீரின் மேல் இருக்கிறதோ? ஆனால் இது கோப்பை. மணலைத் தோண்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல ஏலாது.

கடற்கரைக்கு வகுப்பைக் கொண்டுபோவதற்கு ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொண்டது, தானும் கூட வருவதாக இருந்தால் மட்டும். அசர் தொழுகைக்கு முன்பாக, ஒரு குடையோடு அவர் முன்னால் நடந்தார். பின்னால் சிரட்டைகளும் இரண்டு மண்வெட்டிகளுமாக ஏழாம் வகுப்பு. கடல் இன்னும் அடங்கவில்லை, வலை போடுகிற காலம் தொடங்க நாள் இருந்தது. கச்சிமுகம்மதுவின் தோணிகள் மேட்டில் இழுத்துப் போடப்பட்டிருந்தன. அவரும் இரண்டு ஆட்களும் அங்கே நின்று தோணியின் பலகை இடுக்குகளை அடைத்துக் கல்பத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொண்டார்.

அலை நனைக்கிற இடத்திலிருந்து தென்னைகளின் அடி வரைக்கும் ஒரே வரிசையில் ஐந்து குழிகள் தோண்டச் சொன்னாள் றுகையா. தோண்டுவதற்கு முன், எந்தக் குழியில் நல்ல தண்ணீர் வரும் என்று நினைக்கிறீர்களோ அங்கே போய் நில்லுங்கள் என்றாள். பெடியன்கள் தள்ளுப்பட்டுக்கொண்டு ஓடினார்கள். அநேகம் பேர் தென்னையடியில் நின்றார்கள். ஒரு குழியிலும் வராது, கிணறு ஆழமாக இருப்பதால்தான் நல்ல தண்ணீர் என்று சொல்லி இரண்டு பேர் தனியே நின்றார்கள். ஹெட்மாஸ்டர் குடையை மடக்கிவிட்டு, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து, நாலாவது குழிப்பக்கம் மெதுவாக நகர்ந்து நின்றார்.

மாரிகாலத் தண்ணீர் கிட்டத்திலேயே இருந்தது. மண் நனைந்து, கறுத்து, ஊறித் தேங்கத் தொடங்கியது. கலங்கல் அடங்கும்வரை காத்திருந்து சிரட்டையில் கோலி நாக்கில் வைத்தார்கள். அலையடிக் குழி கடல் மாதிரியே உப்பு. அடுத்ததும் உப்பு. நடுக்குழியில் சண்டை வந்தது. உப்பு என்றான் ஒருவன், இல்லை, சவர், அரை உப்பு என்றாள் ஒரு பெண் பிள்ளை. எல்லாரும் குடித்துப் பார்த்து, முகம் சுளித்து, சவர்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். நாலாவதில் சவர் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. தென்னையடியில் நல்ல தண்ணீர்.

"கூப்பிடுதூரம்கூட இல்லையே" என்று ஹெட்மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கையில் சிரட்டையோடு முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையில் திரும்பத் திரும்ப நடந்தார்.

றுகையா எல்லாவற்றையும் கண்டாள். கண்டும் சந்தோசம் நெஞ்சுக்குள் முழுதாக இறங்கவில்லை. கேட்டவள் இங்கே இல்லையே என்பது உறுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் தோணிகளுக்குப் பின்னால் ஒரு முக்காடு அசைவதைப் பார்த்தாள். வாப்பாவுக்குத் தேநீர் கொண்டு வந்தவள்போல ஒரு செம்பைப் பிடித்துக்கொண்டு சுஹறா நின்றாள். செம்பு சரிந்து, தேநீர் மணலில் சிந்திக்கொண்டிருந்தது. அவள் அதை அறியவில்லை. கண் முழுக்கக் குழிகளில் இருந்தது.

றுகையா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தகப்பனுக்கு மேல் போனதாகிவிடும். கச்சிமுகம்மதுவும் மகளைப் பார்த்தார், சிந்துகிற தேநீரையும் பார்த்தார். செம்பை வாங்கி மிச்சத்தைக் குடித்தார்.

"வந்தாச்சு. இனிப் போய்ப் பாரு" என்றார்.

அவள் ஓடவில்லை. ஓடக்கூடாத வயது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் நடந்த நடை ஓட்டத்தைவிட வேகமாக இருந்தது. ஐந்து குழியிலும் ஒழுங்காக வாய் வைத்துப் பார்த்தாள். பிறகு றுகையாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மெல்ல மெல்ல மாறுது, டீச்சர். ஒரே அடியா மாறல்ல."

றுகையா கோப்பையில் கண்டதைச் சொன்னாள். நீலத்தின் மேல் தெளிந்த தண்ணீர் நின்றதைச் சொன்னாள். மணலுக்குள்ளும் அப்படித்தான் இருக்கலாம், கரைக்குக் கிட்டக் கிட்ட மேல்தண்ணீர் மெலிந்துகொண்டு போகலாம் என்றாள். எல்லாரும் காலுக்குக் கீழே இருந்த மணலைப் பார்த்தார்கள். கச்சிமுகம்மது எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. தென்னையடிக் குழியில் உள்ளங்கையால் அள்ளி உறிஞ்சிவிட்டு அவர் கேட்டார்:

"அப்ப டீச்சர், இதையே இன்னும் கீழ தோண்டினா?"

"உப்புத்தான் வரணும் எண்டு நான் நினைக்கிறன், முதலாளி. ஆனா நான் பாக்கல்ல. தெரியா."

இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு யாரும் சிரிக்கவில்லை. கச்சிமுகம்மது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெடியனின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி இறங்கினார். தோண்டத் தோண்டக் கரை சரிந்து விழுந்தது. தன் ஆட்களைக் கூப்பிட்டு, அடி உக்கிப்போன ஒரு தார்ப் பீப்பாயை உருட்டி வரச் சொல்லி அதைக் குழிக்குள் நிறுத்தினார். உள்ளே மணலை அள்ள அள்ளப் பீப்பாய் இறங்கியது. அரைவாசி இறங்கினதும் அள்ளிப் பார்த்தார்கள், நல்ல தண்ணீர். முக்கால்வாசியில் பார்த்தார்கள். அவர் நாக்கைச் சுழற்றி யோசித்தார், ஹெட்மாஸ்டர் யோசித்தார், சுஹறா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

பள்ளிவாசலிலிருந்து அசர் பாங்கு கேட்டது. ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைக் கலைத்து அனுப்பினார். கச்சிமுகம்மது மேலே ஏறி, கால்களில் ஒட்டிய மணலைத் தட்டியபடி, றுகையாவைப் பாராமல் கடலைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கு வேற பீப்பா ஒண்டு வச்சு இறக்கிப் பாக்கலாம். புள்ள பள்ளிக்கு வரட்டும். நோன்பு வரைக்கும் வரட்டும். அதுக்குப் பொறகு உம்மாக்காரியோட கதைச்சுத்தான்."

"ஓம்" என்றாள் றுகையா. அதற்கு மேல் கேட்டால் கிடைத்ததும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நோன்புக்கு இன்னும் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. அதற்குள் கப்பி இருக்கிறது, காற்று இருக்கிறது, கண் இருக்கிறது. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னுக்குப் போடுவது என்று மனம் அப்போதே அடுக்கத் தொடங்கிவிட்டது.

சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, தோணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளாடு இறங்கி வந்தது. அலையடிக் குழிக்குக் கிட்டப்போய் மூக்கை நீட்டியது, குடிக்காமல் விலகியது. அடுத்த குழியிலும் அப்படியே. நடுக்குழியில் கொஞ்சம் கூடுதலாக நின்று, தும்மிவிட்டு நடந்தது. நாலாவது குழியில் முன்னங்கால்களை மடக்கிக் குனிந்து உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கியது. முதல் மூன்றிலும் அது நாக்கை வைத்துப் பார்க்கவில்லை.

"டீச்சர்" என்றாள் பின்னாலிருந்து சுஹறா. "அது மணந்துதானே பாத்த. உப்புக்கு மணமிரிக்கா?"

றுகையா திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அலையடிக் குழியின் ஓரத்தில் முழங்காலில் விழுந்திருந்தாள். இரண்டு கைகளையும் ஈர மணலில் ஊன்றி, நழுவிய முக்காடு தண்ணீரில் நனைவதையும் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை அந்தக் கலங்கல் தண்ணீருக்குக் கிட்ட, இன்னும் கிட்டக் கொண்டு போனாள். மண்வெட்டியைத் தோளில் வைத்துப் புறப்பட்ட கச்சிமுகம்மது, மகளைப் பார்த்தபடி, எடுத்த காலை வைக்காமல் நின்றார்.